வாடகை ஏத்தப் போறவங்க காபி குடிக்கக் கூடாது

காபி வேண்டாம்மா. தண்ணி கொடுங்க, போதும். போட்டே கொண்டுவந்துட்டீங்களா? சரி, அப்படி ஓரமா வைங்க. தப்பா எடுத்துக்காதீங்க. உங்க காபியில ஒரு குறையும் இல்லை, வாசனை கேட் வரைக்கும் வருது. நான் உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்க வந்திருக்கேன். அதைக் கேட்டு முடிக்கிற வரைக்கும் குடிக்கக் கூடாது. ஏன்னு போகப்போகச் சொல்றேன்.

உங்க மாடியில குடியிருக்காங்களே ஜெசிந்தா அக்கா, அவங்க வாடகையை நீங்க ஏத்தணும்.

அதைக் கேக்கத்தான் நாகல் நகர்ல இருந்து பஸ் ஏறி வந்தேன்.

இல்லைம்மா, நான் புரோக்கர் இல்லை. அவங்களுக்கு வேண்டாதவளும் இல்லை. சொல்லப்போனா இந்த ஊர்ல அவங்களுக்கு என்னைவிட வேண்டியவங்க யாரும் கிடையாது. நான் அவங்க பழைய வீட்டுக்காரி, பேரு பாண்டிமீனா. சொல்லியிருப்பாங்களே. சொல்லலையா? ஒண்ணுமே சொல்லலையா? சரி விடுங்க, அவங்க அதிகம் பேசமாட்டாங்க.

இவ என் மக சஷ்டிகா. நாலு வயசு. பாப்பா, அந்தத் தொட்டியில கை வைக்காத. அம்மாவுக்கு வணக்கம் சொல்லு. சொல்லமாட்டா. வந்ததுல இருந்து உங்க மாடிப்படியையே பாத்துக்கிட்டு நிக்கிறா. அக்கா வர இன்னும் நேரம் இருக்குல்ல? சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோயில் நவநாளுக்குப் போயிருப்பாங்கன்னு தெரிஞ்சுதான் இந்நேரம் வந்தேன். அவங்க வர்றதுக்குள்ள நாம பேசி முடிச்சிடணும். அந்த முருங்கைக்கீரையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க, உருவிக்கிட்டே பேசுறேன். கை சும்மா இருந்தா எனக்கு வாய் ஓடாது.

நீங்க ஏத்தினீங்கன்னு வைங்க. அவங்க உங்ககிட்ட சண்டைக்கெல்லாம் வரமாட்டாங்க. சரின்னு சொல்லிட்டு வேற வீடு பாப்பாங்க. வேற வீடுன்னா எங்க? என் வீட்டு மாடி காலியாத்தான் கிடக்கு. பழைய வாடகைக்கே தரேன். நூறு எரநூறு குறைச்சுக்கூட தருவேன், அதை இப்ப அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. தானா வந்துடுவாங்க. உங்களுக்கென்ன, நல்ல வெளிச்சமான வீடு, நாளைக்கே ஆள் வரும். எனக்குத்தான் வேற ஆள் சரிப்பட்டு வரலை.

நேராப் போயி கூப்பிட வேண்டியதுதானேன்னு பாக்குறீங்க. எங்க வீட்டுக்காரரும் அதையேதான் கேக்குறாரு. எப்படிம்மா முடியும்? வீட்டுக்காரி நானு. குடித்தனக்காரங்க வாசல்ல போயி நின்னு வாங்கக்கா வாங்கக்கான்னு கூப்பிட்டா, அப்புறம் நாளைக்கு அவங்ககிட்ட ஒரு வாடகை ஏத்த முடியுமா? நீங்களும் வீட்டுக்காரிதான், உங்களுக்குப் புரியும்.

ஆனா ஏத்துறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. அது தெரியாம ஏத்தினா என் கதைதான். அதனால சும்மா ஏத்துங்கன்னு சொல்லிட்டுப் போகாம, எப்படி ஏத்தணும்னும் சொல்லிக் கொடுத்துட்டுப் போறேன். எங்க ஊரு பள்ளிக்கூடத்துல பத்தாவது வரைக்கும் படிச்சவதான் நான். இந்த ஒரு பாடத்துல மட்டும் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

முதல்ல சட்டம். வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்குற எங்க சித்தி மகன் சொன்னான். எழுத்துல ஒப்பந்தம் இருக்கணுமாம். ஏத்துறதா இருந்தா முன்கூட்டியே எழுதிக் கொடுத்துத் தெரியப்படுத்தணுமாம். நினைச்ச நேரம் நினைச்ச தொகையைக் கூட்டக் கூடாதாம். "உங்க ஒப்பந்தத்துல என்னக்கா எழுதியிருக்கு"ன்னு கேட்டான். எங்களுக்குள்ள ஏது ஒப்பந்தம்? அவங்க குடிவந்த அன்னைக்குப் பால் காய்ச்சி முதல் டம்ளரை என் கையில கொடுத்தாங்க. இவ அப்ப வயித்துல இருந்தா. "ரெண்டு பேருக்கும் சேத்து ஊத்துறேன் மீனா"ன்னு சொல்லி டம்ளர் வழிய ஊத்தினாங்க, நான் குடிச்சேன். அதுதான் ஒப்பந்தம். சித்தி மகன் சிரிக்கிறான். அவன் படிச்ச சட்டத்துல காபியைப் பத்தியும் ஒண்ணும் இல்லை, ஆடி மாசத்தைப் பத்தியும் ஒண்ணும் இல்லை. அதெல்லாம் நாமதான் தெரிஞ்சுக்கணும்.

எனக்கு ஏத்தணும்னே தோணினது இல்லைம்மா. எதிர்வீட்டுப் பாப்பாத்தி அக்காதான் கிளப்பி விட்டாங்க. "ஏண்டி மீனா, தெருவே ஏத்தியாச்சு, நீ மட்டும் மாடியில சத்திரம் நடத்துறியா"ன்னு வாசல் தெளிச்சுக்கிட்டே கேட்டாங்க. அன்னைக்குப் பூரா எனக்கு மிஷின்ல நூல் அறுந்துக்கிட்டே இருந்துச்சு. வீட்டுக்கடன் ஒரு பக்கம். பாப்பாவை எல்கேஜியில போடணும், வேன் வைக்கணும். ஐந்நூறு ரூபா கூட வந்தா வேனுக்கு ஆச்சே. அதுல என்ன தப்பு?

மறுநாளே படியேறினேன். படிக்கு ஒரு வார்த்தையா சேத்துக்கிட்டே போறேன். அக்கா, விலைவாசி, ஏறிப்போச்சு, அதனால... மேல போனா பாப்பா அவங்க மடியில உக்காந்து தலைக்கு எண்ணெய் வச்சுக்கிட்டு இருக்கா. நான் மிஷின்ல உக்காந்துட்டா இவ மேலதான். காலையில ஏறினா இட்லி, குளியல், மத்தியானச் சோறு, தூக்கம் எல்லாம் அங்கேயே. அதுக்காக நான் அவங்களை ரொம்பத் தொந்தரவு பண்ணினதில்லை, ராத்திரி சோறு நான்தான் ஊட்டுவேன். அவங்களுக்கும் புள்ளைங்க கிடையாது, பொழுது போகணும்ல. இவ அவங்களை மாடியம்மான்னுதான் கூப்பிடுவா. நான் வெறும் அம்மா.

"வா மீனா"ன்னாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள கையில காபி வந்துடுச்சு. நுரை கட்டி, சுடச்சுட. ஒரு வாய் குடிச்சேன், அவ்வளவுதான். அவங்க காபி இருக்கிற வாயில வாடகை எப்படி வரும்? குடிச்சு முடிச்சுட்டுப் பேசலாம்னு பாத்தா, உள்ள போனது அங்க உக்காந்துக்கிட்டு பேசாத, பேசாதன்னு சொல்லுது. "நல்லா இருந்துச்சுக்கா"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன். இறங்கும்போது கையில ஒரு கிண்ணம் ரசம் வேற.

அதான் சொல்றேன். நீங்க போகும்போது காபி கொடுத்தா வாங்காதீங்க. கொடுப்பாங்க. வாங்காதீங்க.

அடுத்த தடவை உஷாரா காபி நேரம் தாண்டிப் போனேன். அக்காவோட வீட்டுக்காரரு ஆரோக்கியம் அண்ணன் இருந்தாரு. பஸ் கண்டக்டர், அன்னைக்கு டூட்டி இல்லை. "வாம்மா, நல்ல நேரத்துல வந்தே. சமையக்கட்டுக் குழாய் ஒழுகிக்கிட்டே இருந்துச்சுல்ல, நானே ஒண்ணு வாங்கி மாட்டிட்டேன். நீ ஒண்ணும் தர வேண்டாம், திருகி மட்டும் பாரு"ன்னாரு. திருகினேன். ஒரு சொட்டு விழலை. அப்புறம் பின்கதவுத் தாழ்ப்பாளைக் காட்டினாரு, அதுவும் புதுசு. மழைக்கு ஓதம் இறங்குற சுவத்துல பூசியிருக்காரு. என் வீட்டுல இவ்வளவு ஓட்டை இருந்துச்சான்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். வாடகை ஏத்தப் போனவ, "ரொம்ப நல்லா பூசியிருக்கீங்கண்ணா"ன்னு சொல்லிட்டு வந்தேன்.

அதனால நீங்க முதல்ல வீட்டை ஒரு சுத்து சுத்திப் பாத்து, ரிப்பேர் எல்லாம் பண்ணிட்டு அப்புறம் போங்க. அவரு முந்திக்கிட்டாருன்னா போச்சு.

என்னது? உங்க மோட்டாரையும் அவர்தான் பாத்தாரா? காசு வாங்கலையா? அட. அப்ப உங்களுக்கும் கஷ்டம்தான்.

சரி, இன்னொரு நாள் போகலாம்னா நாள் அமையலை. வெள்ளிக்கிழமை பணத்தைப் பத்திக் கறாராப் பேசக் கூடாது. செவ்வாயும் ஆகாது. விளக்கு வச்ச பிறகு கூடவே கூடாது. சனிக்கிழமை அவங்க விரதம், கோயில். ஞாயித்துக்கிழமை மீன்குழம்பு வந்துடும். அதைச் சாப்பிட்டுட்டு எந்த மூஞ்சியோட ஏறுறது? மிச்ச நாள்ல முகூர்த்த ஜாக்கெட் குவிஞ்சு கிடக்கும். உங்களுக்கும் ஞாயித்துக்கிழமை ஏதாச்சும் வருதா? நீங்க சைவமா. அப்ப என்ன கொடுப்பாங்க? ஆப்பமா? தேங்காய்ப்பாலோடயா?

எனக்குத் தேங்காய்ப்பால் கொடுத்ததே இல்லையே.

கொடுத்திருக்காங்க, கொடுத்திருக்காங்க. பாப்பா பொறந்து வீட்டுக்கு வந்தப்ப தினம் கொடுத்தாங்க. மறந்துட்டேன்.

இப்படியே ஆனி முடிஞ்சுது. அப்பத்தான் பாப்பாத்தி அக்கா யோசனை சொன்னாங்க. "ஆடியில சொல்லுடி. ஆடியில எவளும் வீடு மாறமாட்டா. ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பா, ஆவணி வந்தா பழகிடும்." எனக்கு அப்படியே கண்ணு திறந்த மாதிரி ஆச்சும்மா. என்ன ஒரு மூளை. ஆடி பொறந்ததும் சொல்லிடணும். போகவும் முடியாது, கோவம் ஆறவும் ஒரு மாசம் இருக்கு. பிடிச்ச முயலைக் கூடையில போட்டு மூடின மாதிரி.

யாரு சொல்றதுங்கறதுதான் மிச்சம். நான் போனா காபி. எங்க வீட்டுக்காரரை அனுப்பினா ஆரோக்கியம் அண்ணனோட உக்காந்து கிரிக்கெட் பாத்துட்டு வந்துடுவாரு. அப்பத்தான் எனக்கே ஒண்ணு தோணுச்சு. இது பாப்பாத்தி அக்கா சொல்லலை, என் சொந்த யோசனை. பாப்பாவை அனுப்பினா என்ன? புள்ளை சொன்னா யாருக்கும் கோவம் வராதுல்ல. அதுவும் இவ சொன்னா அக்கா உருகிடுவாங்க.

ரெண்டு நாள் உக்காத்தி வச்சு சொல்லிக் கொடுத்தேன். சும்மா சொன்னா இவளுக்கு நிக்காது, பால்வாடிப் பாட்டு மாதிரி கைதட்டிச் சொன்னாத்தான் நிக்கும். "மாடியம்மா மாடியம்மா, அடுத்த மாசம் வாடகை, ஐந்நூறு ரூபா கூடத் தா." கடைசியில தான்னு சொல்லும்போது கையை நீட்டணும். அழகாப் பாடினா. ஆடி ஒண்ணாந்தேதி காலையில தலைசீவி, பூ வச்சு, பட்டுப்பாவாடை கட்டி மேல அனுப்பிட்டு நான் கீழ மிஷினை நிறுத்திட்டுக் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

கொஞ்ச நேரத்துல வாயில ஆப்பத்தோட இறங்கி வந்தா. "பாடினியாடி?" "பாடினேன்." "மாடியம்மா என்ன சொன்னாங்க?" "யாரு தங்கம் சொல்லிக் கொடுத்தான்னு கேட்டாங்க. அம்மான்னேன்." "அப்புறம்?" "இன்னொரு தடவை பாடச் சொன்னாங்க, பாடினேன். சரின்னாங்க."

சரின்னாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. இத்தனை நாள் நான் பயந்து பயந்து ஏறி இறங்கினதை இந்தக் குட்டி ஒரு பாட்டுல முடிச்சிட்டு வந்துட்டா. அந்தச் சந்தோசத்துல ஆடிப்பொறப்புக்கு வச்ச பாயசத்தை ஒரு தூக்கு நிறைய ஊத்தி, முந்திரியெல்லாம் மேல வர்ற மாதிரி பாத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கிட்டாங்க. அன்னைக்குக் காபி கொடுக்கலை. அப்பாடா, பழகிட்டாங்கன்னு நினைச்சேன். மறுநாள் காலையில தூக்கு என் வாசல்ல இருந்துச்சு. நல்லாத் தேச்சு, துடைச்சு, பளபளன்னு, ஒரு துளி ஈரம் இல்லாம. எவ்வளவு சுத்தம் பாருங்க. அந்த விஷயத்துல அவங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது.

அதுக்கப்புறம் பத்துப் பதினைஞ்சு நாள் இருக்கும். "மீனா, மேட்டுப்பட்டியில வீடு பாத்துட்டோம், ஞாயித்துக்கிழமை மாறுறோம்"ன்னாங்க. நான் சிரிச்சுட்டேன். "என்னக்கா சொல்றீங்க, இது ஆடி, ஆடியில யாராவது வீடு மாறுவாங்களா?"ன்னேன். அவங்க என்னையே ஒரு மாதிரி பாத்தாங்க.

"எங்களுக்கு ஏது மீனா ஆடி?"

சத்தியமா எனக்கு மறந்தே போச்சும்மா. அவங்க கழுத்துல சிலுவை தொங்குது, வீட்டுல மாதா படம் இருக்கு, சனிக்கிழமை சனிக்கிழமை கோயிலுக்குப் போறாங்க. எல்லாம் தெரியும். ஆனா வருசா வருசம் ஆடிக்கு மாரியம்மன் கோயில்ல என்கூட வரிசையில நின்னு கூழ் வாங்கிக் குடிச்சவங்கதானே. நான் தீட்டுன்னு படுத்திருந்தா வாசல்ல கோலம் போட்டவங்கதானே. கார்த்திகைக்கு மாடிப்படி முழுக்க விளக்கு வச்சவங்கதானே. அவங்களுக்கு ஆடி இல்லைங்கறது எப்படிம்மா ஞாபகம் இருக்கும்? பாப்பாத்தி அக்காகிட்ட போயி கேட்டா, "அட ஆமாண்டி, அதை நானும் யோசிக்கலை"ன்னாங்க. யோசனை சொல்ல வந்துட்டாங்க.

சாமானை எங்க வீட்டுக்காரர் லோடு ஆட்டோவுலதான் கொண்டாந்து இங்க இறக்கினாரு. அதனாலதான் எனக்கு உங்க வீடு தெரியும். ஆட்டோ வாடகை கொடுத்தாங்களாம், இவரு வாங்கலை. நீங்க ஏன் ஏத்திக்கிட்டுப் போனீங்கன்னு நான் சண்டை போட்டதுக்கு, "நீ ஏன் போக வச்சே"ன்னு கேட்டுட்டு குப்புறப் படுத்துக்கிட்டாரு. ஒரு ஐந்நூறு ரூபாய்க்கு இப்படிப் போவாங்கன்னு யாரு கண்டா? கூடத் தர முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேனா?

ஆடியில போறவங்களைத் தடுக்க முடியாது, ஆனா ஆடியில புதுசா வர்றதுக்கும் ஆள் கிடையாது. மிச்ச மாசம் பூரா வீடு பூட்டித்தான் கிடந்துச்சு. கூடையில மாட்டினது நான்தான்.

ஆவணியில ஒரு குடும்பம் வந்துச்சு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, அக்கா கொடுத்ததைவிடக் கூடவே வாடகை. வந்த மறுநாள் காலையில இவ தட்டைத் தூக்கிக்கிட்டு மேல போயி கதவைத் தட்டியிருக்கா. அந்தப் பொண்ணு திறந்து, "யாரு வேணும் பாப்பா?"ன்னு கேட்டிருக்கு. "மாடியம்மா." "இப்ப நான்தான் மாடியில இருக்கேன்." "நீங்க வெறும் மாடி. எனக்கு மாடியம்மா வேணும்"ன்னிருக்கா. அன்னைக்கு அந்தப் பொண்ணு சிரிச்சுது. தினம் விடிஞ்சும் விடியாம தட்டினா யாருக்குச் சிரிப்பு வரும்? ஐப்பசி முடியறதுக்குள்ள காலி பண்ணிட்டாங்க.

இப்ப மேல பூட்டு. இவ கடைசிப் படியில போயி தட்டோட உக்காந்துக்கிறா. கீழ வச்சு ஊட்டினா வாயைத் திறக்க மாட்டேங்கிறா. நானும் ஏறிப் போயி பூட்டின கதவுக்கு முன்னாடி உக்காந்துதான் ஊட்டுறேன். ரெண்டு வாய் வாங்குவா. மூணாவது வாய்க்குக் கதவைப் பாப்பா. கையைப் பிடிச்சுப் பாருங்க, எவ்வளவு இளைச்சிருக்கான்னு. டாக்டர் சத்துக்குறைவுன்னு டானிக் எழுதிக் கொடுத்தாரு. எனக்குத் தெரியும்மா அது டானிக்குல சரியாகாதுன்னு.

அதனாலதான் வந்தேன். எனக்கு வாடகைக்கு ஆள் வேணும்னு வரலை. மார்கழி வந்துட்டா யாரும் மாறமாட்டாங்கன்னு ஒரு அவசரம். அடடா, அவங்களுக்கு மார்கழியும் கிடையாதுல்ல. நல்லதாப் போச்சு. கிறிஸ்துமஸுக்குள்ள வந்துட்டாங்கன்னா எங்க வீட்டுப் பால்கனியிலேயே ஸ்டார் கட்டிடலாம். வருசா வருசம் இவதான் சுவிட்சு போடுவா.

சரி, சொல்லுங்க. எப்ப ஏத்துறீங்க? திங்கக்கிழமை நல்ல நாள்.

ஏத்த மாட்டீங்களா? ஏன்?

நான் இவ்வளவு நேரம் சொன்னதைக் கேட்ட பிறகு, இப்படிப்பட்டவங்களை யாராவது வெளிய அனுப்புவாங்களான்னு கேக்குறீங்க.

...ஆமா. அப்படிப் பாத்தா நானே அனுப்பமாட்டேன்.

என்னம்மா சிரிக்கிறீங்க? நான் வேற உள்ளதையெல்லாம் உளறிட்டேன். அவங்க கொஞ்சம் கஞ்சம், ராத்திரியில சத்தமா டிவி வைப்பாங்கன்னு ஏதாச்சும் சொல்லிட்டு எழுந்து போயிருக்கணும். எனக்கு அது வரலை. சரி, பொய் சொன்னாலும் நீங்கதான் நாலு மாசமாப் பாக்குறீங்களே.

கேட் சத்தமா அது? வந்துட்டாங்களா? குனிஞ்சுக்கோங்க. இல்லை, நீங்க ஏன் குனியணும், இது உங்க வீடு. நேரா படியேறிட்டாங்க, நம்மளைப் பாக்கலை. மேல விளக்கு எரியுது. பாப்பா, நில்லு. நில்லுன்னு சொல்றேன்ல. இங்க வா.

யாராவது கேட்டா சொல்லிக்கலாம்னு ஒரு சாக்கு கொண்டாந்திருக்கேன் பாருங்க. இந்தப் பையில இருக்கு. அவங்க கிண்ணம். அந்த ரசம் கொடுத்தாங்கன்னு சொன்னேனே, அந்தக் கிண்ணம், என்கிட்டயே நின்னு போச்சு. இதைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தேன்னு சொல்லிட்டு நைசா நழுவிடலாம். ஒரு கை சீனி மட்டும் கொடுங்கம்மா, போட்டுக்கறேன். ஒருத்தங்க பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிறது வழக்கம் இல்லை பாருங்க. எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு நாளும் வெறும் பாத்திரம் போனதும் இல்லை, வந்ததும் இல்லை. ஒண்ணும் இல்லைன்னா ஒரு முருங்கைக்காயாவது, நாலு கறிவேப்பிலையாவது...

அன்னைக்கு அந்தப் பாயசத் தூக்கு.

வெறும் தூக்காத்தாம்மா வந்துச்சு.

நான் என்னமோ எவ்வளவு சுத்தம்னு சொல்லிக்கிட்டு எடுத்துக் கவுத்து வச்சேன்.

இல்லைம்மா, ஒண்ணும் இல்லை. கண்ணுல முருங்கைக்காம்பு பட்டுடுச்சு. சீனியைக் கொடுங்க. போதும், போதும். இன்னும் கொஞ்சம் போடுங்க.

பாப்பா, நீ எங்க எழுந்திரிக்கிறே? அதைச் சொல்ல மறந்துட்டேன் பாருங்க. நீங்க ஒத்துக்கலைன்னா என்ன பண்றதுன்னு, பஸ்ல வரும்போது இன்னொரு பாட்டும் சொல்லிக் கொடுத்துத்தான் கூட்டிட்டு வந்தேன். மாடியம்மா மாடியம்மா, நம்ம வீட்டுக்கு வாங்கம்மான்னு. அதுக்கும் கைதட்டல் உண்டு. அதைப் பாடத்தான் துடிக்கிறா. வேண்டாம்டி. உக்காரு. இன்னைக்கு நீ பாட வேண்டாம், அம்மாவே போயி சொல்லிக்கிறேன். அம்மா கூப்பிட்டதும் நீ மேல வா. இவளைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்கம்மா. கையை விட்டா எனக்கு முன்னாடி ஏறிடுவா.

அந்தக் காபியை எடுங்க. ஆறினா பரவாயில்லை, கொடுங்க. ம்... நல்லாத்தான் போட்டிருக்கீங்க. இனிமே உங்ககிட்ட வாடகையை ஏத்துங்கன்னு கேக்க எனக்கு வாய் வராது. நீங்க ஏத்தாதீங்க. எந்த வீட்டுல இருந்தாலும் அவங்களுக்கு ஏத்தாதீங்க.

மேல அவங்க காபி கொடுத்தாங்கன்னா வாங்கிக் குடிப்பேன். கொடுக்கலைன்னா, வாசப்படியிலேயே உக்காந்து, கேட்டு வாங்கிக் குடிப்பேன்.